குடும்பச் சபையா, பக்கத்துச் சபையா, பாட்டு நன்றாக இருக்கும் சபையா?

கேள்வி: 13 ஆண்டு மஸ்கட்டில் இருந்துவிட்டு இந்த ஏப்ரலில் ஊர் திரும்பினோம். அழகியமண்டபம் பக்கம் வீடு கட்டிக் குடிவந்தாயிற்று. கணவரின் குடும்பச் சபை அருமனைப் பக்கம் உள்ள சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை, இங்கிருந்து 17 கிலோமீட்டர். நான் கருங்கல் பக்கம் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பத்தில் பிறந்தவள். 2010-ல் கல்யாணத்துக்காக சி.எஸ்.ஐ.க்கு வந்தேன்; கல்யாணமும் அந்தச் சபையில்தான் நடந்தது. மஸ்கட்டில் தமிழ் பெந்தெகொஸ்தே ஐக்கியம் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தோம். மகளுக்கு 14 வயது. கைக்குழந்தையாக இருந்தபோது குடும்பச் சபையில் ஞானஸ்நானம் கொடுத்தோம். கீபோர்டு வாசிப்பாள், தமிழ் பேசுவாள், வாசிக்கத் திணறுவாள். இப்போது "முழுக்கு எடுக்கணும்" (தண்ணீரில் முழுகி எடுக்கும் ஞானஸ்நானம்) என்கிறாள். மகனுக்கு 8 வயது. மஸ்கட்டில் பாஸ்டர் ஜெபித்துப் பிரதிஷ்டை செய்தார். மாமிக்கு (கணவரின் அம்மாவுக்கு) 72 வயது, முட்டு வலி. மாமாவை அடக்கம் செய்திருக்கும் சபையை விட்டு அசைய மாட்டேன் என்கிறார். வீட்டிலிருந்து 700 மீட்டரில் ஒரு சி.எஸ்.ஐ. ஆலயம், ஒரு கிலோமீட்டரில் ஆர்.சி. ஆலயம், அதைத் தாண்டி ஒரு மலங்கரைக் (சிரிய முறைக் கத்தோலிக்கக்) கோவில், மெயின்ரோட்டில் பாட்டு நன்றாக இருக்கும் ஒரு தனிப் பெந்தெகொஸ்தே சபை. கணவர் "எங்கே போனாலும் ஆண்டவர் ஒருத்தர்தானே" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்கிறார். எனக்கு அவ்வப்போது ஆர்.சி. பூசைக்குப் போக ஆசை வருகிறது. எங்கே சேர்வது?

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்வியில் இரண்டு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. ஆராதனைக்குப் போவது ஒன்று. சபையில் பெயர் இருப்பது வேறொன்று. மஸ்கட்டில் 13 ஆண்டும் நீங்கள் போன இடம் வேறு, பெயர் இருந்த இடம் வேறு. அங்கே அது யாரையும் உறுத்தவில்லை. குமரி மாவட்டத்தில் உறுத்தும். 2011 கணக்கெடுப்பின்படி இங்கே மக்களில் ஏறத்தாழ 47 சதவீதம் கிறிஸ்தவர்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம், கல்யாணத்துக்கு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பது, இறந்தவருக்குக் கல்லறை என்று எதற்குப் போனாலும் முதலில் திறக்கப்படுவது சபைப் பதிவேடுதான். பாட்டும் பிரசங்கமும் பிறகு.

ஆகவே எந்தச் சபையையும் பார்க்கப் போவதற்கு முன்னால் அருமனைப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு கேட்டால் செயலர் காணிக்கை எண்ணும் அவசரத்தில் இருப்பார். வார நாளில், முன்கூட்டி போன் செய்துவிட்டுப் போங்கள். குடும்பப் பதிவேட்டில் உங்கள் நால்வரில் யார் யார் பெயர் இருக்கிறது, சந்தா எந்த ஆண்டு வரை கட்டப்பட்டிருக்கிறது, மகளின் ஞானஸ்நானப் பதிவில் பெயரும் தேதியும் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பும் குடும்பங்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது சந்தாவில்தான். அப்பா இருந்தவரை அவர் கட்டியிருப்பார். அவர் போனபின் யாரும் கட்டியிருக்க மாட்டார்கள். பாக்கி இருந்தால் கட்டிவிட்டு ரசீது வாங்குங்கள். பெயரின் எழுத்தில் பாஸ்போர்ட்டுக்கும் பதிவேட்டுக்கும் வித்தியாசம் இருந்தால் இப்போதே மனு எழுதிக் கொடுங்கள். மகளுக்குக் கல்யாணம் பேசும் நேரத்தில், பதிவு எழுதிய போதகர் ஓய்வு பெற்று எங்கோ இருக்கும்போது, அந்த ஓர் எழுத்துக்காக அலைய வேண்டியிருக்கும்.

அடுத்தது மாமியின் பிடிவாதம். அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கணவர் அருகில் அடக்கமாக வேண்டும் என்பது 72 வயதில் நியாயமான ஆசை, கல்லறைத் தோட்டத்தின் விதிகளும் அவர் பக்கமே இருக்கின்றன. பெரும்பாலான சபைகளில் கல்லறை, பெயர் உள்ள உறுப்பினருக்குத்தான். மாறுதல் கடிதம் வாங்கிப் போனவருக்கு இடம் கொடுப்பதும் கொடுக்காததும் அந்தந்தச் சபைக் கமிட்டியின் முடிவு. இடநெருக்கடி உள்ள சபைகளில் கான்கிரீட் கல்லறை கட்ட விடுவதில்லை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு அதே குழியை மறுபடி திறப்பார்கள். மாமா பக்கத்தில் இடம் மிச்சமிருக்கிறதா, குடும்பக் கல்லறை என்று ஒதுக்கீடு உண்டா, குழிக் கட்டணம் எவ்வளவு என்று செயலரிடமே நேராகக் கேளுங்கள். கேட்பது அபசகுனம் என்று மாமி நினைக்க மாட்டார். அவருக்கு நிம்மதியாகத்தான் இருக்கும்.

இதற்கு வழி, நீங்கள் நால்வரும் மாறினாலும் மாமியின் பெயர் மட்டும் அங்கேயே தனிக் குடும்பமாக நிற்பது. சந்தா அவர் பெயரில், ரசீதும் அவர் பெயரில். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருவிருந்து (அப்பமும் ரசமும் பெறும் ஆராதனை) ஞாயிறன்று காரில் அழைத்துப் போய்வாருங்கள். மற்ற ஞாயிறுகளில் உங்களோடு பக்கத்து ஆலயத்துக்கு வரட்டும். இப்படிப் பிரித்துப் பதிவு செய்ய முடியுமா என்பதைப் போதகரிடம் கேட்டு, கமிட்டித் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் அக்கா" என்று ஒரு செயலர் சொன்ன வாய்வார்த்தை, அடுத்த தேர்தலில் வேறொருவர் வந்ததும் காற்றோடு போய்விடும்.

பிள்ளைகளுக்கு வருவோம். மகனுக்கு நடந்தது பிரதிஷ்டை. அது ஞானஸ்நானம் அல்ல. பெந்தெகொஸ்தே சபைகள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. ஜெபித்து ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பார்கள், வளர்ந்தபின் அவனே அறிக்கையிட்டு முழுக்கு எடுக்க வேண்டும். மஸ்கட்டில் அழகாக அச்சடித்த சான்று ஒன்று தந்திருப்பார்கள். அதை ஞானஸ்நானச் சான்று என்று நினைத்துப் பெட்டியில் வைத்திருக்கும் பெற்றோர் நிறையப் பேர். சி.எஸ்.ஐ., ஆர்.சி., மலங்கரை என்று எங்கே கொண்டுபோய்க் காட்டினாலும் உங்கள் மகன் இன்னும் ஞானஸ்நானம் பெறாதவன்தான். இதில் பதற ஒன்றுமில்லை, தள்ளிப்போடவும் வேண்டாம். எட்டு வயதுப் பையனைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கிப்போய் நிறுத்த முடியாது. அவனுக்குப் புரியும்படி சில வாரம் சொல்லிக்கொடுத்த பிறகு செய்வதே முறை. சபை முடிவானதும் போதகரிடம் முதலில் பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

மகளின் கதை இதற்கு நேர் எதிர். அவளுக்கு ஏற்கெனவே ஞானஸ்நானம் ஆகிவிட்டது. தண்ணீரால், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானத்தை சி.எஸ்.ஐ.யும் கத்தோலிக்கத் திருச்சபையும் மறுபடி கொடுப்பதில்லை. 2010-ல் நீங்கள் சி.எஸ்.ஐ.க்கு வந்தபோது உங்களுக்கும் இரண்டாவது ஞானஸ்நானம் கொடுத்திருக்க மாட்டார்கள், அதே விதிதான். பெந்தெகொஸ்தே, பிரதரன் சபைகளோ குழந்தையில் தெளித்ததை ஞானஸ்நானமாகவே எடுத்துக்கொள்வதில்லை. இந்த இடத்தில் இரு பக்கமும் சமரசம் கிடையாது. சி.எஸ்.ஐ.யில் பெயர் வைத்துக்கொண்டு மெயின்ரோட்டுச் சபைத் தொட்டியில் முழுக்கு எடுத்தால், திருவிருந்து உரிமையும் உறுப்பினர் உரிமையும் கேள்விக்குள்ளாகும். நாளைக்கு ஓலை வாசிக்கும் நேரத்தில் இது கிளறப்படும்.

14 வயதுப் பிள்ளையிடம் "கூடாது" என்று மட்டும் சொன்னால் அது வீம்பாகிவிடும். முழுக்கு எடுக்கணும் என்று அவள் சொல்வதன் அடியில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து கேளுங்கள். "அன்றைக்கு நீங்கள் எனக்காகச் சொன்னீர்கள், இப்போது நானே சொல்ல வேண்டும்" என்பதுதான் அவள் மனதில் இருக்கிறதென்றால், சி.எஸ்.ஐ.யில் அதற்கென்றே இருப்பது திடப்படுத்தல். ஆயத்த வகுப்பு முடித்து, பேராயர் கைவைத்து ஜெபித்த பிறகு திருவிருந்தில் பங்கெடுக்கலாம். இந்த வகுப்பின் தரம் சபைக்குச் சபை மாறும். நாலு வாரம் கேள்வி பதில் ஒப்பிக்க வைத்து முடிப்பவர்களும் உண்டு. மாதக்கணக்கில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுபவர்களும் உண்டு. பக்கத்துச் சி.எஸ்.ஐ.யில் இதை யார் நடத்துகிறார், போன ஆண்டு எத்தனை வாரம் நடந்தது என்று கேளுங்கள். உங்கள் வீட்டுக்கு இது பாட்டைவிட முக்கியம்.

தமிழ் வாசிப்புச் சங்கடத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சி.எஸ்.ஐ.யில் வழிபாட்டு ஒழுங்கு, பாமாலை, கீர்த்தனை எல்லாம் புத்தகம் பார்த்துச் சொல்வதும் பாடுவதும்தான். வேதாகமம் பழைய மொழிபெயர்ப்பு. "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே, உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக" என்று சபை முழுவதும் மனப்பாடமாகச் சொல்லும்போது வாயசைக்கத் தெரியாமல் நிற்கும் பிள்ளை, மூன்றாவது ஞாயிறே "போர்" என்று சொல்லிவிடும். அவள் பெந்தெகொஸ்தே சபையை விரும்ப இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்: அங்கே பாட்டு வரிகள் திரையில் ஓடும், ஒரே வரி நாலு தடவை வரும். அடுத்த ஞாயிறு பாடப்போகும் பாட்டுகளின் எண்களைச் சனிக்கிழமையே வாங்கி, வீட்டில் கீபோர்டில் வாசித்து வரிகளைப் படிக்கச் சொல்லுங்கள். மாமி பக்கத்தில் உட்கார்ந்து கீர்த்தனைக்கு ராகம் சொல்லிக்கொடுக்கட்டும். இருவருக்கும் வேலை கிடைத்தது போலிருக்கும். ஓய்வுநாள் பள்ளியில் தமிழ் வராததைக் காரணம் காட்டி அவளைச் சின்னப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார வைக்காமல் ஆசிரியரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

இனி பூசைக்குப் போகும் ஆசை. கத்தோலிக்க ஆலயத்தில் போய் உட்கார்ந்து ஜெபிக்க உங்களை யாரும் தடுக்கப்போவதில்லை. நற்கருணை (திருவிருந்தைக் கத்தோலிக்கர் சொல்லும் பெயர்) வாங்குவதுதான் விஷயம். கத்தோலிக்கராகத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றவர், ஆயரின் விதிவிலக்கு இல்லாமல் வேறு சபையில் மணம் முடித்தால், திருச்சபைச் சட்டப்படி அது செல்லுபடியான திருமணம் ஆகாது. நாட்டுச் சட்டப்படி முழுக்கச் செல்லும், குழப்பிக்கொள்ள வேண்டாம். எனவே சும்மா வரிசையில் நின்று நற்கருணை வாங்குவது சரியாகாது. திரும்பிப் போக மனமிருந்தால் பங்குத்தந்தையிடம் நேராகச் சொல்லுங்கள். இரண்டு வழிகள் இருக்கின்றன. குருவும் இரண்டு சாட்சிகளும் இருக்க, நீங்களும் கணவரும் சம்மதத்தைப் புதுப்பிப்பது ஒன்று. பந்தலும் தேவையில்லை, பிரியாணியும் தேவையில்லை. கணவர் "இன்னொரு தடவை கல்யாணமா" என்று முறைத்தால், எந்தச் சடங்கும் இல்லாமல் ஆயரே அந்தத் திருமணத்தை வேரிலிருந்து செல்லுபடியாக்கித் தருவது இன்னொன்று. எதுவானாலும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க உங்களால் ஆனதைச் செய்வேன் என்று நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாக்கு கணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதை மறைத்துச் செய்தால் வீட்டில் வேறு பிரச்சினை முளைக்கும்.

கத்தோலிக்கப் பங்கு என்பது நாம் பொறுக்கி எடுப்பது அல்ல. நீங்கள் குடியிருக்கும் இடம் எந்தப் பங்கின் எல்லையில் வருகிறதோ அதுவே உங்கள் பங்கு. தெருவில் உள்ள அன்பியத்தில் (பங்கின் சிறு குழுவில்) உங்கள் குடும்பத்தையும் சேர்ப்பார்கள். மலங்கரைக் கோவில் பற்றியும் எழுதியிருந்தீர்கள். இந்தச் சின்ன மாவட்டத்தில் கத்தோலிக்க மறைமாவட்டங்கள் நான்கு: இலத்தீன் முறையில் கோட்டாறு 1930-ல் உருவானது, அதிலிருந்து குழித்துறை 2014-ல் பிரிந்தது, 1996-ல் சீரோ மலங்கரைக்கு மார்த்தாண்டமும் சீரோ மலபாருக்குத் தக்கலையும் வந்தன. நான்கும் ஒரே கத்தோலிக்கத் திருச்சபை, வழிபாட்டு முறைதான் வேறு. இலத்தீன் கத்தோலிக்கர் ஞாயிறு கடமைக்கு மலங்கரைத் திருப்பலியில் பங்கெடுத்தால் போதும். ஆனால் எத்தனை ஆண்டு அங்கே போனாலும் நீங்கள் இலத்தீன் முறையினர்தான். போய்வருவதால் மட்டும் அது மாறாது. அங்கே குழந்தைக்குத் திருமுழுக்கோடு உறுதிபூசுதலையும் (திடப்படுத்தலையும்) சேர்த்தே கொடுத்துவிடுவார்கள் என்பது உங்களுக்குப் புதிதாக இருக்கலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்ததில், உங்களுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதைவிட, சின்ன வயதில் முட்டுப்போட்ட அந்த அமைதி வேண்டும் என்பதே தெரிகிறது. அது தவறான ஆசை அல்ல. ஆலயம் திறந்திருக்கும் ஒரு வார நாள் மாலையில் போய் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அதற்காகப் பதிவேட்டை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் என் யூகம் தவறு, உள்ளுக்குள் நீங்கள் கத்தோலிக்கர்தான் என்றால், மகனுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்னால் முடிவெடுங்கள். அவன் எந்தப் பதிவேட்டில் ஏறுகிறான் என்பது அந்த ஒரு நாளில் முடிவாகிவிடும்.

மெயின்ரோட்டுச் சபைக்கு வருவோம். பாட்டு நன்றாக இருப்பது நல்ல விஷயம்தான். ஐ.பி.சி. (இந்தியப் பெந்தெகொஸ்தே சபை), அசெம்பிளிஸ் ஆஃப் காட் போன்ற அமைப்புகளில் சேர்ந்த சபை என்றால், பாஸ்டருக்கு மேலே கேள்வி கேட்க ஓர் அமைப்பு இருக்கும். தனிச் சபையில் பெரும்பாலும் பாஸ்டரே நிறுவனர். நிலம், கட்டடம், வங்கிக் கணக்கு அவருடைய டிரஸ்டின் பெயரில் இருக்கும். டிரஸ்டிகள் யார் என்று கேளுங்கள். பாஸ்டர், அவர் மனைவி, மகன், மருமகன் என்று பதில் வந்தால் புரிந்துகொள்ளுங்கள். ஆண்டுக் கணக்கு சபைக்கு வாசிக்கப்படுகிறதா? கல்லறை உண்டா? பல தனிச் சபைகளுக்குக் கிடையாது. சொந்த விளையில் (தோட்டத்தில்) அடக்கம் செய்துகொள்ளலாம் என்பார்கள். அதற்கு உள்ளாட்சி அனுமதி வேண்டும், இறந்த வீட்டில் அந்த அனுமதிக்கு ஓடுவது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி இருக்கிறதா என்பதும் முக்கியம். பொது வழிபாட்டிடம் கட்ட அது கட்டாயம். இல்லாவிட்டால் ஒரு புகாரில் ஆராதனை நின்றுபோகும். அவர்கள் நடத்தும் திருமணங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் சிக்கலில்லாமல் பதிவாகின்றனவா என்று சமீபத்தில் அங்கே மணமுடித்த ஒரு குடும்பத்திடம் விசாரியுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துத் திருமணமும் 90 நாளுக்குள் பதிவாக வேண்டும்.

இவற்றில் எல்லாம் தேறும் பெந்தெகொஸ்தே சபைகள் நிறைய உண்டு, அன்பாகவும் நடத்துவார்கள். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் முதலில் வந்து நிற்பதும் பல நேரம் அவர்கள்தான். ஆனால் மூன்று விஷயங்களில் ஒன்றைக் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள், அது எந்தச் சபையாக இருந்தாலும். மாத்திரையை நிறுத்து, விசுவாசம் போதும் என்பது ஒன்று. இந்தத் தேதிக்குள் இவ்வளவு காணிக்கை என்று தீர்க்கதரிசனம் சொல்வது ஒன்று. பிள்ளையைத் தனியறையில் வைத்து ஜெபிப்பது, ஆலோசனை சொல்வது ஒன்று. கடைசியதில் சந்தேகம் வந்தால் சபைக்குள்ளே பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். சபையில் அறிமுகமானவரின் சீட்டில் சேர்வதும் அவருடைய கடனுக்கு ஜாமீன் போடுவதும் வேண்டாம் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும், ஊரில் வேறு பலகைகளும் கண்ணில் படும். இரட்சணிய சேனையில் ஞானஸ்நானமோ இராப்போஜனமோ (திருவிருந்தோ) கிடையாது. கொடியின் கீழ் வாக்குறுதி எடுத்துப் போர்வீரராகச் சேர்வார்கள், மதுவும் புகையிலையும் அறவே கூடாது. லுத்தரன் சபை குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும், ஆனால் சில லுத்தரன் சபைகள் திருவிருந்தை எல்லாருக்கும் திறந்து வைப்பதில்லை. ஏழாம் நாள் சபைக்கு ஆராதனை சனிக்கிழமை. உங்கள் வீட்டுத் தேவைக்கு இவை எதுவும் அவசியமில்லை.

மிஞ்சுவது 700 மீட்டரில் உள்ள சி.எஸ்.ஐ. என் சாய்வு அந்தப் பக்கம்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்தது முதல் இங்கே வேர்விட்டது லண்டன் மிஷன். அது சபைக்கு அதிகாரம் கொடுக்கும் மரபு. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, 1959-ல் கன்னியாகுமரி தனிப் பேராயமான பிறகும் அந்த மணம் போகவில்லை. திருநெல்வேலிப் பக்கத்து ஆங்கிலிக்கன் மரபில் குருவானவர் சொல்வதற்கு இருக்கும் கனம் இங்கே கமிட்டிக்கு இருக்கிறது. போதகர் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார்; கமிட்டிக் குடும்பங்கள் அங்கேயேதான் இருக்கும். நல்ல பிரசங்கியார் என்று ஒரு சபையில் சேர்ந்து, அடுத்த மே மாதம் அவர் மாற்றலாகிப் போக, வெறுத்துப்போனவர்கள் பலர். ஆகவே போதகரைவிடச் சபையைப் பாருங்கள். இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து வழக்கு நடத்தும் சபையா, ஒரே குடும்பம் தலைமுறையாக ஆளும் சபையா, புதிதாக வந்தவர் யாராவது கமிட்டியில் இருக்கிறாரா என்று பக்கத்து டீக்கடையில் ஒரு சாயா குடித்தாலே தெரிந்துவிடும். சாதியைப் பற்றிய கேள்வியையும் விழுங்க வேண்டாம். நம் மாவட்டத்தில் சில சபைகள் பெயருக்குத்தான் பொது. வேறு சமூகத்துக் குடும்பங்களும் அங்கே உண்டா, பொறுப்பில் உண்டா, கல்லறை ஒன்றுதானா என்று பாருங்கள்.

பார்க்கும் முறை இது. ஒரே ஞாயிறில் எடை போடாதீர்கள். தொடர்ந்து நான்கு ஞாயிறு போங்கள், அதில் ஒன்று திருவிருந்து ஞாயிறாக இருக்கட்டும். முதல் ஞாயிறு எல்லாரும் சிரித்துக் கைகுலுக்குவார்கள்; மூன்றாவது ஞாயிறு யார் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதைக் கவனியுங்கள். ஒரு வார நாள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கும் போங்கள். சபையின் சுபாவம் ஆலயத்தைவிட அங்கேதான் வெளுக்கும்: ஜெபிக்கிறார்களா, வராதவர்களைப் பற்றிப் பேசுகிறார்களா என்று அரைமணியில் புரியும். மாமியை ஒரு முறை கூட்டிப் போய், படி எத்தனை, கைப்பிடி உண்டா, முட்டுப்போடாமல் உட்கார நாற்காலி தருவார்களா, கழிப்பறை மேற்கத்திய வகையா என்று பாருங்கள். கழிப்பறை சரியில்லை என்பதற்காகவே ஆராதனையை விட்டுவிடும் வயதானவர்கள் உண்டு. வெளியே சொல்ல மாட்டார்கள். மகளை இளைஞர் கூட்டத்தில் விட்டுவிட்டு நீங்கள் விலகி நில்லுங்கள். கீபோர்டு வாசிக்க இடம் கேட்டால் "ஏற்கெனவே ஆள் இருக்கு" என்கிறார்களா, "சனிக்கிழமை பிராக்டீசுக்கு வா" என்கிறார்களா என்பதில் அந்தச் சபை வேண்டுமா வேண்டாமா என்பது அவளுக்கு முடிவாகிவிடும். அதற்குப் பின் நீங்கள் என்ன சொன்னாலும் எடுபடாது.

பணம். "மஸ்கட்டிலிருந்து வந்தவர்கள்" என்று தெரிந்த மாத்திரத்தில் கட்டட நிதி நோட்டு வீட்டுக்கு வரும். முதல் ஆண்டு முழுவதும் மாதச் சந்தாவும் ஞாயிறு காணிக்கையும் மட்டும் என்று கணவனும் மனைவியும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கோபுரத்துக்குப் பெரிய தொகை சொல்லிவிட்டால் பிறகு அந்தத் தொகைதான் உங்கள் பெயர். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வருக்கைச் சக்கையை (பலாப்பழத்தை) சந்தை விலையைப்போலப் பல மடங்குக்கு எடுக்கலாம், அது சந்தோஷம். ஆனால் ரோஷத்தில் எடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் ரசீது வாங்குங்கள்.

முடிவானதும் காகித வேலை. குடும்பச் சபைச் செயலருக்கும் போதகருக்கும் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். மாறுதல் கடிதத்தில் உங்கள் நால்வரின் பெயர், ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு அதன் தேதி, பெரியவர்களுக்குத் திடப்படுத்தல் தேதி, சந்தா பாக்கி இல்லை என்ற குறிப்பு எல்லாம் வர வேண்டும். மகன் பெயருக்கு எதிரே ஞானஸ்நானம் பெறவில்லை என்று எழுதட்டும், வெட்கப்பட வேண்டாம். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு மூலத்தைப் புதிய சபையில் கொடுங்கள். கொடுத்ததோடு விட்டுவிடாமல், கமிட்டியில் வைத்துத் தீர்மானம் ஆகிவிட்டதா, குடும்பப் பதிவேட்டில் ஏறிவிட்டதா, வாக்காளர் பட்டியலில் வந்ததா என்று இரண்டு மாதம் கழித்து ஒரு தரம் கேளுங்கள். பழைய சபையில் நீக்கப்பட்டு, புதிய சபையில் ஏறாமல், கடிதம் யாரோ ஒரு செயலரின் மேசை இழுப்பறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, ஒரு சாவு விழும்போது அது தெரியவருவதுதான் இதில் நடக்கும் மோசமான தவறு. தேர்தல் நெருங்கும் நேரத்தில் மாறுதல் கேட்டால் அதை ஓட்டுக் கணக்காகப் பார்ப்பார்கள், இழுத்தடிப்பார்கள். அதற்கு முன்பே, அல்லது முடிந்த பிறகு கேளுங்கள்.

கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டவர் ஒருத்தர்தான், ஆனால் மாறுதல் விண்ணப்பத்தில் குடும்பத் தலைவர் கையெழுத்து என்று ஓர் இடம் இருக்கும். அன்றைக்குப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அருமனைக்கு அவரும் வரட்டும். அவருடைய அப்பாவின் கல்லறையும் அங்கேதானே இருக்கிறது. மாமியையும் ஏற்றிக்கொள்ளுங்கள், மார்த்தாண்டம் நெரிசலுக்கு முன்னால் கடந்துவிட, காலை எட்டுக்குள் கிளம்பினால் நல்லது.